மேடை ஒளியும் மறைந்து நிற்கும் கைகளும்

அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணை, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு ஆலை வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் இளைஞர்கள், கைகால் கழுவித் தேநீர் அருந்தியதும் கைப்பேசியைத் திறந்துகொண்டு திண்ணையில் அமர்கிறார்கள். திரைப்படப் பாடலும் கிரிக்கெட்டும் பெற்றோர்க்குப் பழகிப் போனவை. ஆனால் மூன்றாவதாக ஒன்றும் இப்போது திண்ணைக்கு வந்து சேர்ந்துள்ளது. ராக் இசைக் குழுக்களின் மேடைக் கச்சேரிப் படங்களே அவை! பல்லாயிரவர் கூடிய திடல், கண்ணைப் பறிக்கும் விளக்குகள், மின்கிதார்களின் அலறல், முழவுகளின் இடிமுழக்கம். "இது பாட்டா, கூச்சலா, சாமி?" என்று நம்மிடம் வந்து கேட்ட தாய்மார் உண்டு.

பாட்டா, கூச்சலா என்ற வழக்கை இங்கே நாம் விசாரிக்கப் போவதில்லை. காது அவரவர்க்கு உரியது. ஆனால், பார்ப்பது எதுவாயினும் அதைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதனைப் பற்றி வாசகர்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கச்சேரிப் படங்களில் இரு வகை உண்டு. மேடையில் நடப்பதை மட்டும் எடுத்துத் தருவது ஒன்று. குழுவினர் ஊர் ஊராகச் செல்லும்போது காமிராவும் கூடவே சென்று, பேருந்துப் பயணம், விடுதி அறை, ஒத்திகை, மனத்தாங்கல் யாவற்றையும் பதிவு செய்யும் பயணப் படம் மற்றொன்று. இரண்டிலும் தரமானவை உண்டு. வெறும் பகட்டும் உண்டு. எதைக் கொண்டு பிரித்தறிவது? நம் வட்டாரத்து மக்களுக்கு இதை விளக்குவது எளிது. தீபாவளி இரவில் வானத்தை நோக்கும் இந்திய நாடு முழுவதும் ஒளியைக் காண்கிறது; அதற்குள் மணிமருந்தை அடைத்த கையைக் காண்பதில்லை. கச்சேரிப் படமும் அப்படியே. ஒளியை மட்டும் காட்டுகிறதா, ஒளியை உண்டாக்கிய கைகளையும் காட்டுகிறதா? நாம் வைத்திருக்கும் உரைகல் இதுவே.

இந்த உரைகல்லில் தேறிய படம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதனை அறிய முதலில் தில்லிக்குச் செல்ல வேண்டும்.

1990-ஆம் ஆண்டு சுஸ்மித் சென் என்னும் கிதார்க் கலைஞரும், தபேலா வாசித்தபடியே பாடும் ஆற்றல் பெற்ற அசீம் சக்ரவர்த்தியும் இணைந்து தில்லியில் ஓர் இசைக் குழுவைத் தொடங்கினர். அதன் பெயர் 'இந்தியன் ஓஷன்', அதாவது இந்தியப் பெருங்கடல். அடுத்த ஆண்டு ராகுல் ராம் வந்து சேர்ந்தார். இவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நருமதை அணைக்கட்டினால் வீடு வாசல் இழக்கும் மக்களின் போராட்டத்தில் பங்கு கொண்டவர். பட்டம் சுவரில் தொங்க, கையில் பேஸ் கிதாரை எடுத்துக்கொண்டார். 1994-இல் அமித் கிலம் முழவு வாசிக்க வந்தார். நால்வரும் மேனாட்டுக் குழுக்களை நகல் எடுக்கவில்லை. நருமதைக் கரையின் நாட்டுப் பாடலும், வங்கத்துப் பாவுல் பாடகரின் ஒற்றைத் தந்திக் கருவியும் அவர்களது மின்னிசைக்குள் வந்து சேர்ந்தன.

அவர்களுடைய இரண்டாவது தொகுப்பான 'டெசர்ட் ரெயின்' உருவான விதம் கேட்கத் தக்கது. அது ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுக்கப்பட்டதன்று. 1989 சனவரி முதல் நாள், தில்லிக்கு அருகே தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தெருக்கூத்து நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி என்னும் நாடகக் கலைஞர் வன்முறையாளரால் தாக்கப்பட்டு, மறுநாள் உயிர் துறந்தார். அவர் நினைவாகத் தோன்றிய சஹ்மத் என்னும் அமைப்பு, ஆண்டுதோறும் சனவரி முதல் நாளில் கலைஞர்களைக் கூட்டி விழா எடுக்கத் தொடங்கியது. 1997-இல் அவ்விழா மண்டி ஹவுஸ் பகுதியில் நடைபெற்றபோது இந்தியன் ஓஷன் குழுவினர் வாசித்தனர். அந்த மேடை ஒலிப்பதிவே இசைத் தொகுப்பாக வெளிவந்தது. கூட்டத்தின் ஆரவாரம், மேடையின் சிறுசிறு ஓசைகள் எல்லாம் கூடவே வந்துவிட்டன. தில்லியின் மார்கழிக் குளிரில், கொல்லப்பட்ட ஒரு கலைஞனை நினைந்து கூடியவர்கள் முன்பாக, நால்வர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வாசித்த இசை அது. கூடத்தில் பல நாள் திருத்தித் திருத்திச் செய்யும் பதிவில் இந்த உயிர் வாராது. மேடைப் பதிவின் அருமையை இதைவிட விளக்கமாகச் சொல்ல இயலாது.

நம் வாசகர்களுக்கு வியப்பூட்டும் செய்தி இனித்தான் வருகிறது. 2000-ஆம் ஆண்டில் இக்குழுவினர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'கந்தீசா'. இது எம்மொழிச் சொல்? இயேசு பெருமான் பேசிய அரமேய மொழியின் கிளையாகிய சிரியாக் மொழியில் 'தூயவர்' என்று பொருள்படும் சொல் இது. இறைவனை மும்முறை தூயவர் எனப் போற்றி இரக்கம் வேண்டும் பழம்பெரும் வழிபாட்டுக் கீதத்தின் தொடக்கம். கேரளத்தின் தோமையார் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அம்மொழியிலேயே இதனைப் பாடி வந்துள்ளனர். பெரிய வெள்ளியன்று திருச்சிலுவை ஆராதனையின்போது இலத்தீன் முறைத் திருச்சபையிலும் இதே வேண்டல் ஒலிப்பதை நாம் அறிவோம். பெரிய வெள்ளியன்று ஒரு முறை கேட்டுவிட்டு நாம் மறந்துவிடும் கீதத்தைத் தில்லியின் ராக் குழு ஒன்று எடுத்து, எந்தக் கேலியுமின்றி, எந்த அவசரமுமின்றி, கிதாரும் தபேலாவும் துணை செய்யப் பாடியது. கல்லூரித் திடல்களில் கூடிய இளைஞர்கள், பொருள் விளங்காத நிலையிலும் அதனோடு சேர்ந்து பாடினர். வழிபாட்டில் கிதார் வாசிக்கலாமா என்று நம் பங்குகளில் காரசாரமாக வாதிட்ட காலம் ஒன்று இருந்தது! அவ்வாதத்தில் இருபுறமும் நின்றவர்கள் இந்தப் பதிவை ஒரு முறை அமைதியாகக் கேட்டிருந்தால் பேச்சு சற்றுத் தணிந்திருக்கும் என்பது நம் கருத்து.

இக்குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா என்னும் இயக்குநர் எடுத்த ஆவணப்படமே 'லீவிங் ஹோம்'. 'வீட்டைப் பிரிந்து' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 2010 ஏப்ரலில் திரையரங்குகளில் வெளியாகித் தேசியத் திரைப்பட விருதையும் பெற்றது. இசைக் குழு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம் நம் நாட்டில் திரையரங்குக்கு வருவது அரிதினும் அரிது. பாடல்களைக் காட்டுவதோடு அது நிற்கவில்லை. அப்பாடல்கள் எவ்வாறு பிறந்தன, ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தனர், வருவாய் இல்லாத ஆண்டுகளை எப்படிக் கடந்தனர், வேறுபட்ட நான்கு இயல்பினர் எவ்வாறு ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தனர் என்பவற்றையெல்லாம் பாடல்களின் ஊடே கோத்துச் சொல்கிறது. கைதட்டல் கேட்பதற்கு முன்னால் எத்தனை மௌனமான பிற்பகல்கள் கழிந்தன என்பதை அதில் உணரலாம்.

படம் திரைக்கு வருமுன் ஒரு துயரம் நேர்ந்தது. அசீம் சக்ரவர்த்தி மாரடைப்பால் நலம் குன்றி, 2009 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருநாளன்று இறந்துபோனார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் திரையரங்கில் அமர்ந்தவர்கள், மறைந்த மனிதர் சிரித்துப் பேசுவதையும், தரையில் சம்மணமிட்டுத் தட்டிப் பாடுவதையும் கண்டனர். அதே ஆண்டு சூலை முதல் குழுவினர் ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டனர். மாதம் ஒரு பாடல் வீதம், விலையின்றி, இணையத்தின் வழியாக! தாங்கள் நெடுங்காலம் ஒத்திகை பார்த்த தில்லி கரோல்பாக் பகுதியின் பழைய வீட்டு முகவரியையே அதற்குப் பெயராகச் சூட்டினர்: '16/330 கஜூர் ரோடு'. அதில் ஒலிப்பது அசீமின் குரல். உயிரோடிருந்தபோது பதிவு செய்து வைத்தது. இறந்தவரின் குரல் மாதந்தோறும் வீட்டுக்கு வந்தது.

மேனாட்டிலும் இந்த உரைகல்லுக்குத் தேறிய படங்கள் சில உண்டு. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழாவில் இலட்சக்கணக்கான இளைஞர்கள் மழையிலும் சேற்றிலும் கூடினர். அடுத்த ஆண்டு வெளிவந்த படத்தில் புகழ்பெற்ற பாடகர் பலர் தோன்றுகின்றனர். ஆனால் நம் நெஞ்சில் நிற்பவர் பாடகர் அல்லர். விழாத் திடலின் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் நடுவயதினர் ஒருவர். வேலையை நிறுத்தாமலேயே அவர் சொல்கிறார்: தம் மகன் ஒருவன் இந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிறான், மற்றவன் வியட்நாம் போர்முனையில் இருக்கிறான் என்று. இரண்டொரு நிமிடங்களே வரும் காட்சி. அந்நாளைய அமெரிக்கா முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

1971 ஆகஸ்டு முதல் நாள், நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் நடந்த வங்க தேசக் கச்சேரியையும் குறிப்பிட வேண்டும். கிழக்கு வங்கத்து ஏதிலியர் படும் பாட்டைக் கண்டு மனம் வருந்திய சித்தார் மேதை இரவிசங்கர், தம் நண்பரும் பீட்டில்ஸ் குழுவின் முன்னாள் உறுப்பினருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டதன் விளைவு அது. ஒரே நாளில் இரு காட்சிகள். ஏறக்குறைய 40,000 பேர் வந்தனர். தொடக்கத்தில் இரவிசங்கரும், சரோத் மேதை அலி அக்பர் கானும், தபேலா மேதை அல்லா ரக்காவும் கருவிகளுக்குச் சுருதி சேர்த்தனர். அதையே கச்சேரி என்று எண்ணிய கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது! சுருதி சேர்ப்பதையே இவ்வளவு விரும்புகிறீர்களே, வாசிப்பையும் விரும்புவீர்கள் என நம்புகிறேன் என்று இரவிசங்கர் புன்னகையோடு சொன்னார். 1972-இல் வெளிவந்த படத்தில் அக்காட்சி அப்படியே இருக்கிறது. வெட்டி எறிய எவருக்கும் மனம் வரவில்லை. நுழைவுச்சீட்டு விற்பனையில் கிடைத்த ஏறக்குறைய 2,43,000 டாலர் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்துக்குச் சென்றது. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெருந்தொகையோ அமெரிக்க வரித்துறையின் சிக்கலில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நற்செயலுக்கும் கணக்குப் புத்தகம் முன்கூட்டியே ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதைப் பங்குப் பேரவைப் பொருளாளர்கள் கவனிப்பார்களாக!

1984-இல் வெளிவந்த 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' என்னும் படம், டாக்கிங் ஹெட்ஸ் என்ற குழுவைப் பற்றியது. வெறுமையான மேடைக்கு ஒரு மனிதர் கிதாரும் ஒலிநாடாக் கருவியுமாகத் தனியே வருகிறார். பாடல் ஒவ்வொன்றாக நகர நகர, மேடைத் தொழிலாளர்கள் கண்ணெதிரே மேடைத் தட்டுகளைத் தள்ளி வந்து பொருத்துகின்றனர். கலைஞர் ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர். மறைவாகச் செய்யும் பணியையே காட்சியாக்கிவிட்டார் இயக்குநர் ஜோனதன் டெம்மி.

நம் தமிழகம்? ஏ. ஆர். ரகுமானின் வட அமெரிக்கப் பயணத்தில் எடுத்த 'ஒன் ஹார்ட்' என்னும் கச்சேரிப் படம் 2017-இல் வெளிவந்தது. ஒத்திகைகளும் உரையாடல்களும் அதில் இடம்பெற்றன. 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னின்று, இசையமைப்பாளர் தென்மாவின் துணையோடு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவை முதன்முதலாக மேடையேற்றியது. சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தையே பெயராகக் கொண்ட குழு அது. சென்னைக் கானாவும் பறையும் ராக் இசையும் ஒரே மேடையில் ஒலித்தன. சாவு வீட்டு வாசலில் மட்டும் நிற்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி, மின்கிதாருக்கு இணையாக நடுமேடையில் நிற்பதை அப்பதிவுகளில் காணலாம். கச்சேரியைக் காணச் சென்னைக்குச் செல்ல இயலாத சாத்தூர் இளைஞனும் அதைக் காண முடிந்தது கைப்பேசிப் படத்தினாலேயே அன்றோ!

இவ்வளவு சொன்ன பின், நம் வட்டாரத்தை நேரே தொடும் ஒரு பதிவைச் சொல்லாமல் விடுவது முறையன்று. இதனைப் பார்க்கும்படி எவருக்கும் நாம் கூறமாட்டோம். செய்தியை மட்டும் அறிந்தால் போதும்.

2003 பிப்ரவரி 20 இரவு, அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் என்னும் ஊரில் 'ஸ்டேஷன்' என்ற கேளிக்கை விடுதியில் 'கிரேட் ஒயிட்' என்னும் ராக் குழு கச்சேரியைத் தொடங்கியது. முதல் பாடலிலேயே மேடையின் பின்புறம் பொறிவாணங்களைக் கொளுத்தினர். நம் ஊர்ப் புஸ்வாணத்தின் நெருங்கிய உறவு என்று சொன்னால் சிவகாசி வாசகர்க்கு உடனே விளங்கும். சுவரில் ஒலியை அடக்குவதற்காக ஒட்டியிருந்த பஞ்சு நுரையில் பொறி பட்டது. அங்கே காமிராவோடு ஒருவர் நின்றார். அவர் வந்த காரணம் என்ன தெரியுமா? மூன்று நாள்களுக்கு முன் சிகாகோவில் ஒரு விடுதி நெரிசலில் 21 பேர் இறந்ததை முன்னிட்டு, இத்தகைய இடங்களின் பாதுகாப்பைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்க வந்தவர் அவர்! சுவரில் தீ ஏறும்போதும் முன்வரிசையினர் அதனை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைகளை உயர்த்தி நின்றது அப்படத்தில் பதிவாகியுள்ளது. பிறகு, வேறு வழிகள் இருந்தும், பெரும்பாலோர் தாம் நுழைந்த முன்வாசலையே நாடினர். 100 பேர் மாண்டனர்.

அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் அந்தப் படத்தை நொடி நொடியாக ஆராய்ந்தது. தீப்பற்றிய ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே உயிர் பிழைக்க இயலாத நிலை உண்டாயிற்று என்று கண்டது. தானே நீர் தெளிக்கும் குழாய்கள், வாசல்களின் அகலம், சுவர்ப் பூச்சுப் பொருள்கள் ஆகியவை பற்றிய விதிகள் அதன்பின் கடுமையாக்கப்பட்டன. திருமண மண்டபங்களில் மணமக்கள் தலைக்கு மேலே துணிப்பந்தலும், காலடியில் பொறிவாணமும் வைப்பதை இன்று நாம் காண்கிறோம். மண்டபத்தார் இந்தச் செய்தியைப் படித்தால் நலம்.

இனி அச்சங்குளம். 2021 பிப்ரவரி 12 அன்று இவ்வூர்ப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பேன்சி ரகப் பட்டாசுக்கு மருந்து கலக்கும்போது உராய்வினால் தீ எழுந்ததாக அந்நாளைய செய்திகள் கூறின. அந்த அறைக்குள் காமிரா இல்லை. நொடி நொடியாக ஆராய எதுவும் இல்லை. தொலைவிலிருந்து எடுத்த புகைமண்டலப் படங்களே கைப்பேசிகளில் ஊர் ஊராகப் பரவின. அமெரிக்க விடுதியில் முதல் நொடியில் எவர் எங்கே நின்றார் என்பதை உலகம் அறியும். நம் ஆலைக் கொட்டடிகளில் நின்றவர்களைப் பற்றி அவ்வளவு அறியோம்.

உடனே ஓர் எச்சரிக்கை. புகையைப் படம் பிடிக்க ஓடும் பழக்கம் நம் இளைஞரிடையே வேரூன்றிவிட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டபோது, அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் வெடியோசை கேட்டு உதவி செய்யவும், என்னவென்று பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்தவர். அடுத்த வெடிப்பு அவர்களை விழுங்கியது. எரியும் ஆலையை நோக்கிக் கைப்பேசியோடு ஒருவரும் ஓட வேண்டா. தீயணைப்புப் படையினர் வரட்டும்.

படம் எடுக்க வேண்டியது அதற்கு முந்திய நாள்களில். நம் ஊர்களில் இறந்த தொழிலாளியின் வீட்டுக்குச் சென்றால், சுவரில் மாலையிட்டிருப்பது பெரும்பாலும் வாக்காளர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய மங்கலான படமே. அவர் சிரித்த முகம் எங்கும் இல்லை. அவர் குரல் எங்கும் இல்லை. அசீமின் குரலை மாதந்தோறும் கேட்கும் பேறு தில்லியில் அவர் அன்பர்களுக்குக் கிடைத்தது. திரி செருகிக்கொண்டே பாடும் பழக்கமுள்ள தாய்மார் நம் பக்கத்தில் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகளிடம் அத்தாயின் பாட்டில் ஒரு வரியாவது பதிவாகி இருக்குமா?

இவ்வாண்டுத் திருவிழாவில் இளைஞர் குழுவினர் மெல்லிசை நிகழ்ச்சி நடத்தி, அதனைப் படமாகவும் எடுக்க விரும்புகின்றனர். மூன்று கைப்பேசிகளும் ஒரு வாடகைக் காமிராவும் கிடைக்கும் என்றனர். மேடை விளக்குகளுக்கும் புகை இயந்திரத்துக்கும் பட்டியல் போட்டு வந்திருந்தனர். புகை இயந்திரத்தை அடித்துவிட்டோம். மற்றபடி நாம் கேட்டது ஒன்றே. இரவு எட்டு மணிக்கு முதல் பாடலோடு படத்தைத் தொடங்க வேண்டா. மாலை நான்கு மணிக்கு மைக்செட்காரர் வண்டி வந்து நிற்கும்போதே தொடங்குங்கள். கம்பம் நட்டுக் குழாய் கட்டும் பையன், பந்தல்காரர், ஆலையிலிருந்து நேரே வந்து விரல்களில் அலுமினியத் தூள் மினுங்க முழவின் முன் அமரும் இளைஞன், பந்தியில் பரிமாற வாளி தூக்கும் அக்கா, எல்லாரும் அதில் இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் பெயரையும், ஒரு வார்த்தை பேச்சையும் கேட்டு வாங்குங்கள். படத்தின் பிரதி ஒன்றைப் பங்கு அலுவலகத்தில், ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே வைக்க இடம் ஒதுக்கியுள்ளோம்.